மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் சிவப்பை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வி இது: பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். தோல், முடி, நகம் பரிசோதிக்கும் படிவத்தோடு வார்டுக்குப் போகிறீர்கள். 'சிவந்திருக்கும்', 'நீலம் பூத்திருக்கும்', 'வெளிறியிருக்கும்' என்று புத்தகம் சொல்கிறது. கட்டிலில் படுத்திருப்பவரோ நல்ல கறுப்பு. எதுவும் கண்ணுக்குப் பிடிபடாமல் எல்லாக் கட்டத்திலும் 'நார்மல்' என்று எழுதிவிட்டு வருகிறீர்கள். எப்படிப் பார்க்க வேண்டும், எதை எழுத வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. நாம் படிக்கும் பாடப்புத்தகங்களின் வர்ணனைகளில் பெரும்பகுதி வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை. அந்த நிறங்களை நம் ஊர் நோயாளியின் முதுகில் தேடினால் கிடைக்காது. அதனால் முதலில் ஒப்பிடும் ஆளை மாற்றுங்கள். புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட வேண்டாம், அதே நோயாளியின் உடம்போடு ஒப்பிடுங்கள். இடது குதிகாலுக்கு அளவுகோல் வலது குதிகால்தான். கறுமை குறைவாக உள்ள இடங்களில் நிறத்தைப் பாருங்கள்: உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், நாக்கு, வாயின் உட்புறம், நகத்தடி. கண்ணால் பிடிக்க முடியாததைக் கையால் பிடியுங்கள். சூடு, இறுக்கம், வீக்கம், ஈரம் இதெல்லாம் எந்த நிறத் தோலிலும் ஒரே மாதிரிதான் கைக்குத் தெரியும்.

தொடங்கும் முன் வெளிச்சம். ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது. மஞ்சள் பல்பின் கீழே காமாலை மறைந்துவிடும். பச்சைத் திரைக்குள் எல்லோரும் ஒரு மாதிரிதான் தெரிவார்கள். புண், ரத்தம், கசிவு இல்லாத தோலைத் தொட்டுப் பார்க்கக் கையுறை தேவையில்லை. கையைக் கழுவி, குளிர்ச்சி போகத் தேய்த்துக்கொண்டு தொடுங்கள். "அம்மா, முதுகைக் கொஞ்சம் பார்க்கணும், அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, மறைப்பு போட்டு, பார்க்கும் பகுதியை மட்டும் திறங்கள். இதற்கு ஸ்பாஞ்ச் பாத் நேரத்தைவிட நல்ல நேரம் இல்லை. ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் எல்லா நோயாளியின் அக்குளையும் தொடை இடுக்கையும் பார்ப்பதில்லை. உடம்பு துடைக்கும் நீங்கள்தான் தலை முதல் கால் வரை பார்க்கிறீர்கள். இந்த வேலையை நான் இவ்வளவு பெரிதாக நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

சரி, நிறத்திலிருந்து தொடங்குவோம்.

ரத்தசோகை உள்ள மாநிறத்தவர் மஞ்சள் கலந்த பழுப்பாகவும், நல்ல கறுப்பானவர் சாம்பல் பூத்தது போலவும் தெரிவார்கள். தோலின் இயல்பான பளபளப்பு போயிருக்கும். அதை மட்டும் நம்பாமல் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், நாக்கை நீட்டச் சொல்லுங்கள், உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். குழந்தைகளின் நோய்களை ஒருங்கிணைத்துக் கவனிக்கச் சொல்லித் தரும் ஐ.எம்.என்.சி.ஐ. பயிற்சியில், குழந்தையின் உள்ளங்கையை உங்கள் உள்ளங்கையோடு வைத்து ஒப்பிடச் சொல்லித் தருகிறார்கள். எளிமையான, நல்ல முறை. கையில் மருதாணி இருந்தால் இது பலிக்காது, இமைக்கும் நாக்குக்கும் போய்விடுங்கள். விரல் முட்டிகள் மட்டும் புதிதாகக் கறுத்திருந்து ஆளும் சோர்வாக இருந்தால் பி12 குறைபாடு நினைவுக்கு வர வேண்டும்.

நீலம் பூப்பதை உதட்டின் வெளிப்புறத்தில் தேடாதீர்கள். நம்மில் பலருக்கு உதடும் ஈறும் இயல்பாகவே கருநீலம். நாக்கின் அடிப்பகுதி, கன்னத்தின் உட்புறம், கண்ணிமையின் உட்புறம் பாருங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும். மொத்தமே 6 கிராம் உள்ள கர்ப்பிணிக்கு மூச்சுத் திணறல் எவ்வளவு மோசமானாலும் நீலம் வராமலே போகலாம். 'நீலம் இல்லை, அதனால் ஆக்சிஜன் போதும்' என்ற கணக்கு அவரிடம் தப்பாகிவிடும். அப்படியானால் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் போதுமா? அதற்கும் கறுப்புத் தோலில் தடுமாற்றம் உண்டு. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி ஆக்சிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்திலும் வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 சதவீதத்திலும் தமனி ரத்தத்தில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. அதனால் எண்ணைப் பார்த்த பிறகும் மூச்சு எண்ணிக்கை, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளின் இடைவெளி உள்வாங்குவது, ஆளின் தெளிவு மூன்றையும் பாருங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு மாட்டுங்கள்.

காமாலைக்குக் கண்ணின் வெண்மை. காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராமைத் தொடும்போது அங்கே தெரியத் தொடங்கும். ஆனால் நம்மவர்களுக்கு, குறிப்பாக வெயிலில் வேலை செய்பவர்களுக்கு, கண்ணின் ஓரத்தில் இயல்பாகவே பழுப்பு மஞ்சள் திட்டு இருக்கும். கருவிழியை ஒட்டிய பகுதி வரை சீராக மஞ்சள் இருக்கிறதா என்று பாருங்கள், வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முகத்தில் மஞ்சள் பூசிக் குளித்தவரின் கன்னத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பப்பாளியும் கேரட்டும் நிறையச் சாப்பிடுபவருக்கு உள்ளங்கை மஞ்சளாகும், கண் வெள்ளையாகவே இருக்கும். பச்சிளங்குழந்தையின் நெற்றியையும் மார்பையும் விரலால் அழுத்தி எடுத்தால் அடியில் உள்ள மஞ்சள் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்து அளவு சொல்வது நம்பத்தக்கது அல்ல, சந்தேகம் வந்தால் பரிசோதனைக்குச் சொல்லிவிடுங்கள். அதே குழந்தையின் இடுப்பிலும் புட்டத்திலும் நீலச் சாம்பல் திட்டு இருந்தால் பதற வேண்டாம், நம் குழந்தைகளிடம் அது சகஜம், சில ஆண்டுகளில் மங்கிவிடும். பிறந்த அன்றே எந்த இடம், என்ன அளவு என்று எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் பின்னால் யாராவது அதை அடிபட்ட காயம் என்று நினைத்துப் பெற்றோரைச் சந்தேகிக்க இடம் உண்டு.

இனி படுக்கைப்புண். நின்று சொல்ல வேண்டிய விஷயம் இது. முதல் நிலைப் படுக்கைப்புண்ணுக்கு இலக்கணம், தோல் உடையாமல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது என்பது. கறுப்புத் தோலில் அந்தச் சிவப்பும் தெரியாது, அழுத்தும்போது வெளுக்கிறதா என்பதும் தெரியாது. விளைவாக முதல் நிலை பதிவாவதே இல்லை. தோல் உரிந்த பிறகு நேராக இரண்டாம் நிலையிலிருந்துதான் கேஸ் ஷீட்டில் புண் 'ஆரம்பிக்கிறது'. அதற்குள் உள்ளே சதை கெட்டுப்போயிருக்கலாம்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை, காது மடல், இந்த இடங்களில் ஒவ்வொன்றாக விரல்களின் பின்பக்கத்தை வையுங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருந்தால் அழற்சி தொடங்கியிருக்கலாம். குளிர்ந்திருந்தால் ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம், அது இன்னும் மோசம். அழுத்தினால் பக்கத்துச் சதையைவிடக் கெட்டியாகவோ, கொளகொளவென்றோ இருக்கிறதா? அந்த இடம் மட்டும் பளபளவென்று இழுத்துப் பிடித்தது போல் இருக்கிறதா? நிறம் ஊதாவாகவோ, சுற்றிலும் உள்ளதைவிட அடர்த்தியாகவோ இருக்கிறதா? ஈரத்துணியால் லேசாக நனைத்துவிட்டுப் பார்த்தால் இந்த நிற வேறுபாடு கூடுதலாகத் தெரியும். பேச முடிந்தவரிடம் "இந்த இடம் எரியுதா, வலிக்குதா?" என்று கேளுங்கள். எதுவும் தெரிவதற்கு முன் வலிதான் முதலில் வரும் பல சமயம். பக்கவாதத்திலும் முதுகுத்தண்டு அடிபட்டவர்களிடமும் அதுவும் இல்லாமல் போகலாம், கைதான் கதி.

கருவிகளின் அடியிலும் பாருங்கள். ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னால் அறுக்கும், மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப் மூக்கு ஓரத்தில் அழுத்தும், சிறுநீர்க் கதீட்டர் தொடையின் அடியில் மாட்டிக்கொள்ளும், மாவுக்கட்டின் விளிம்பு குத்தும். பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரோமும் 1987இல் வெளியிட்ட, படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் பிரேடன் அளவுகோலில் ஆறு தலைப்புகள், மொத்தம் 6 முதல் 23 வரை மதிப்பெண். 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து உண்டு. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும், தலைகீழாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகப்படும் இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள். குதிகாலுக்கு அடியில் கையுறையில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பழக்கம் நம் வார்டுகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி தலையணை கொடுத்துக் குதிகால் எதையும் தொடாமல் வையுங்கள். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையும் விளிம்பில் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், உறவினர் வாங்கி வந்தால் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

அடுத்தது, தமிழ்நாட்டில் வேலை செய்யும் எந்த நர்ஸும் விடக் கூடாத ஒரு கறுப்புப் பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல், உண்ணி வகையைச் சேர்ந்த ஒரு நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் அதிகம். தலைவலி, காய்ச்சல், சில சமயம் தட்டணுக்களும் குறையும், அதனால் டெங்கு என்று நினைத்து நாட்கள் போகும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு வட்டப் பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு விளிம்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. இருப்பதோ அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, பாவாடை நாடா கட்டும் இடம், முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம் போன்ற மறைவிடங்களில். வியர்வையும் ஈரமும் உள்ள மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு உருவாகாமல் மஞ்சள் நிற ஆழமற்ற புண்ணாக மட்டும் இருக்கும். எல்லா நோயாளிக்கும் இது இருக்காது. இருந்து கண்டுபிடித்துவிட்டால் நோய் ஏறத்தாழ உறுதி. வழக்கமாகக் காய்ச்சலுக்குப் போடும் செஃப்ட்ரையாக்ஸான் ஊசிக்கு இது மசியாது, டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று உறுப்புகள் அடுத்தடுத்துக் கெடும். காரணம் தெரியாத காய்ச்சலுடன் சேர்க்கப்பட்டவரை ஸ்பாஞ்ச் செய்யும்போது ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். பெண் நோயாளிகளிடம் ஆண் மருத்துவர்கள் பார்க்கத் தயங்கும் இடங்களில்தான் இது அதிகம் ஒளிந்திருக்கிறது. அங்கே உங்கள் பார்வைக்கு மாற்று இல்லை.

வெளிறிய தேமலைப் பார்த்தால் இரண்டு கேள்விகள்: செதில் உதிர்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா? லேசாகச் சுரண்டினால் பொடி உதிரும் தேமல் பெரும்பாலும் பூஞ்சை. சுற்றுத் தோலைவிட வெளிறி, வியர்க்காமல், தொட்டால் தெரியாத திட்டு என்றால் தொழுநோயைச் சந்தேகிக்க வேண்டும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். முதலில் நல்ல தோலில் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள், என்ன கேட்கிறீர்கள் என்று அப்போதுதான் புரியும். தேசிய அளவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து 2005இல் தொழுநோய் நீங்கியதாக அறிவித்தார்கள், ஆனால் புது நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். சந்தேகத்தை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கட்டில் பக்கத்தில் அந்தப் பெயரை உச்சரித்தால், நோய் இல்லை என்று பிறகு தெரிந்தாலும் அந்தக் குடும்பம் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது, சர்க்கரை பார்க்கச் சொல்லலாம். படையைப் பார்த்தால் "மெடிக்கல் ஷாப்ல ஆயின்மென்ட் ஏதாவது வாங்கிப் போட்டீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு போட்ட படைக்கு வழக்கமான வட்ட விளிம்பு இருக்காது, அடையாளம் மாறி, பரவிக் கிடக்கும். விரல் இடுக்கில் இரவில் அதிகமாகும் அரிப்பு இருந்தால் சிரங்கு. வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நீர்ச்சத்து பார்க்கத் தோலைக் கிள்ளுவது முதியவர்களின் புறங்கையில் ஏமாற்றும், காறை எலும்பின் கீழே கிள்ளுங்கள். குழந்தைக்கு வயிற்றில். தோல் பழைய நிலைக்குத் திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆனால் கடுமையான நீரிழப்பின் அடையாளம், மெலிந்துபோன குழந்தையிடம் மட்டும் இந்தக் கணக்கைத் தனியாக நம்பக் கூடாது. வீக்கம் நடமாடுபவருக்குக் காலில், படுத்தே இருப்பவருக்கு இடுப்பின் பின்பக்கம். இவை உங்களுக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருப்பார்கள்.

முடியைப் பார்க்க எண்ணெய்த் தலைக்குள் வகிடு வகிடாகப் பிரிக்க வேண்டும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பேனும் அதன் முட்டையான ஈரும் அதிகம். பொடுகு ஊதினாலே நகரும், ஈர் முடியோடு ஒட்டிக்கொண்டு இழுத்தால்தான் வரும். டெங்கு, டைபாய்டு, பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால், அநேகமாகத் தானே திரும்பி வரும் என்று சொல்லி ஆறுதல் தரலாம், அந்தக் காய்ச்சலை அவர்கள் மறந்திருப்பார்கள், நீங்கள்தான் கேட்டு எடுக்க வேண்டும். வழவழப்பான வட்டச் சொட்டை புழுவெட்டு. குழந்தையின் தலையில் செதிலும் உடைந்த முடியுமாக இருந்தால் பூஞ்சை. புருவத்தின் வெளிமுனை உதிர்ந்திருந்தால் தைராய்டு, தொழுநோய் இரண்டையும் நினைக்க வேண்டும். காலில் முடி இல்லாமல் தோல் பளபளத்து, பாதமும் குளிர்ந்திருந்தால் நாடியைத் தொட்டுப் பாருங்கள். நினைவிழந்து படுத்திருக்கும் பெண்ணுக்குக் கொண்டையும் ஹேர்பின்னும் பின்தலையில் புண் உண்டாக்கும். பக்கவாட்டில் தளர்வாகச் சடை போட்டுவிடுங்கள், போடும்போது பின்தலையையும் தடவிப் பாருங்கள்.

நகம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, காரணம் அது நாட்குறிப்பு மாதிரி. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். எல்லா விரலிலும் ஒரே உயரத்தில் குறுக்கே ஒரு பள்ளம் ஓடினால், நகக்கண்ணிலிருந்து அதன் தூரத்தை அளந்து பாருங்கள். 6 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மாதம் முன்பு உடம்புக்குப் பெரிதாக ஏதோ வந்து போயிருக்கிறது. கீமோதெரபி எடுப்பவரிடம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு இருக்கக்கூடும். கரண்டி போலக் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவுக்கு. விரல் நுனி உருண்டு திரண்டிருக்கிறதா என்று அறிய, இரு கைகளின் ஒரே விரலை நகத்தோடு நகம் சேர்க்கச் சொல்லுங்கள், நடுவில் சாய்சதுர இடைவெளி தெரிந்தால் சரி, அது மறைந்திருந்தால் நுரையீரல், இதயம், கல்லீரல் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத் தன் சொந்த விரலில் கவனித்து 1976இல் எழுதிய சோதனை இது. பீடி குடித்து மூச்சிரைப்பு வந்தவருக்கு அந்த நோயால் மட்டும் இப்படி ஆகாது. அவரிடம் இதைக் கண்டால் புற்றுநோயைத் தேடச் சொல்ல வேண்டும்.

நம் தோலுக்கே உரிய ஒன்று: நகத்தில் நீளவாக்கில் ஓடும் பழுப்புக் கோடுகள். பல விரல்களில், பல வருடமாக இருந்தால் பெரும்பாலும் இயல்பு. ஒரே நகத்தில், புதிதாக, அகலமாகிக்கொண்டே போகும் கோடு, அதிலும் கறுமை நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கினால் மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம். கறுப்புத் தோல்காரர்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தால் நகத்தடி, உள்ளங்கை, உள்ளங்கால் பக்கம்தான் அதிகம் வருகிறது. ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி 36 வயதில், 1981இல் இறந்தது கால் கட்டைவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். பாதத்தைப் பார்க்கும்போது மெட்டியை நகர்த்தி அதன் அடியையும், விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணையும், குதிகாலின் பித்தவெடிப்பையும் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு அந்த வெடிப்பே கிருமி நுழையும் வாசல்.

கடைசியாக, எழுதுவது. 'தோல்: நார்மல்' என்பதை வைத்து அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் ஒன்றும் செய்ய முடியாது. எதைப் பார்த்தீர்களோ அதை எழுதுங்கள்: "வால் எலும்பின் மேல் 4 × 3 செ.மீ., சுற்றுத் தோலைவிட அடர்ந்த ஊதா, தொட்டால் சூடு, கெட்டியாக இருக்கிறது, எரிகிறது என்கிறார், தோல் உடையவில்லை, காலை 7.30க்குப் பார்த்தது, இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தது, பொறுப்பு ஸ்டாஃபிடம் சொன்னது." நோய்ப் பெயரை நீங்கள் எழுத வேண்டியதில்லை. 'சிவப்பு' என்று கண்ணுக்குத் தெரியாததைப் புத்தகத்திலிருந்து எடுத்தும் எழுத வேண்டாம். அளவை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள், 'சின்னது', 'ரூபாய் அளவு' என்று எழுதினால் நாளைக்கு வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் சொந்த போனில் படம் எடுக்காதீர்கள். மருத்துவமனையில் அதற்கு முறை இருந்தால், நோயாளியின் சம்மதத்தோடு, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுத்து கேஸ் ஷீட்டில் சேருங்கள். ஒப்படைப்பின்போது அடுத்து வருபவரையும் கட்டில் பக்கம் அழைத்துப் போய், அந்த இடத்தில் அவர் கையையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.